ஜெபத்தில் தேவனிடம் எதைக் கேட்பது? உலகத் தேவைகளைக் கேட்பது முதிர்ச்சியற்ற ஜெபமா?

ஒலிவக்கிளை எழுதியது:

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் வாராந்தர ஜெபக் குழுவில் எழுந்து, இன்னும் அடங்காமல் இருக்கிற ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். வழக்கம்போல ஜெபக் குறிப்புகளைச் சொல்லும் நேரத்தில் ஒருவர் வேலைக்காகவும், ஒருவர் மகளின் திருமணக் காரியத்துக்காகவும், ஒருவர் தீராத மூட்டுவலிக்காகவும், இன்னொருவர் கடன் தொல்லைக்காகவும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்ட மூத்த சகோதரர், ஜெபத்தைத் தொடங்குமுன், "இந்தத் தாளில் தேவனுடைய ராஜ்யத்துக்காக ஒரு வரிகூட இல்லையே, அஞ்ஞானிகள் நாடித்தேடுகிறவைகளைத்தானே நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த கூடுகையில் குறிப்புச் சொல்லும் நேரம் வந்தபோது எவரும் வாய் திறக்கவில்லை. மூட்டுவலிக்காரர்கூடத் தமக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் குழப்பம் இதுதான். "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை" தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று பிலிப்பியர் 4:6 சொல்கிறது. அதே வேதாகமத்தில் யாக்கோபு 4:3, இச்சைகளை நிறைவேற்றும்படி தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுகிறதினால் பெற்றுக்கொள்ளாமலிருக்கிறீர்கள் என்கிறது. வேலையும் சுகமும் "எல்லாவற்றையும்" என்பதில் அடங்குமா, அல்லது "இச்சைகள்" என்பதில் அடங்குமா? எங்கே கோடு போடுவது?

பெரேயா வாசகர் எழுதியது:

மூத்த சகோதரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. ஜெபிக்கக் கற்றுத்தரும்படி சீஷர்கள் கேட்டபோது கர்த்தர் கொடுத்த ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள். பிதாவின் நாமம் பரிசுத்தப்படவேண்டும், அவருடைய ராஜ்யம் வரவேண்டும், அவருடைய சித்தம் பூமியிலேயும் செய்யப்படவேண்டும் என்ற மூன்று விண்ணப்பங்கள் முடிந்த பிறகே ஆகாரம் வருகிறது. அதுவும் இன்றைக்கு வேண்டிய ஆகாரம். பத்து வருடத்துக்கான இருப்பு அல்ல. அதற்கு அடுத்த வரியிலேயே மன்னிப்பு, அதற்கும் அடுத்து சோதனையிலும் தீமையிலும் இருந்து காக்கப்படுதல். சரீரத் தேவைக்கு அந்த ஜெபத்தில் ஒரு வரிதான் கிடைக்கிறது. நம்முடைய ஜெபக் குறிப்புத் தாள்களிலோ அந்த ஒரு வரிதான் முழுத் தாளையும் நிரப்புகிறது.

பவுல் தம் நிருபங்களில் எழுதியிருக்கிற ஜெபங்களை எடுத்துப் பாருங்கள். எபேசியர் முதலாம் அதிகாரத்தில் ஞானத்தையும் தெளிவையும் அளிக்கிற ஆவியைக் கேட்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படவேண்டும் என்றும், கிறிஸ்துவின் அன்பின் அகலம், நீளம், ஆழம், உயரம் இன்னதென்று உணரவேண்டும் என்றும் கேட்கிறார். பிலிப்பியர் முதலாம் அதிகாரத்தில் அன்பு அறிவிலும் உணர்விலும் பெருகவேண்டும் என்கிறார். கொலோசெயர் முதலாம் அதிகாரத்தில் தேவனுடைய சித்தத்தை அறிகிற அறிவினாலே நிரப்பப்படவேண்டும் என்கிறார். அந்தச் சபைகளில் அடிமைகள் இருந்தார்கள், நோயாளிகள் இருந்தார்கள், கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் இந்த நான்கு ஜெபங்களிலும் அவர்களுடைய சூழ்நிலை மாறவேண்டும் என்ற விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை.

அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரமும் அப்படித்தான். பேதுருவும் யோவானும் பயமுறுத்தப்பட்டு விடுதலையாகி வந்தவுடன் சபை ஒருமனப்பட்டு ஜெபிக்கிறது. நாமாக இருந்தால் பாதுகாப்பைக் கேட்டிருப்போம். அவர்களோ, பயமுறுத்தல்களைத் தேவரீர் கவனித்தருளும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, வசனத்தை முழு தைரியத்தோடும் சொல்லத் தங்களுக்கு அநுக்கிரகம் வேண்டும் என்று கேட்டார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடுகிறது.

யாபேஸின் எல்லை எழுதியது:

பெரேயா வாசகர் தமக்கு வசதியான நான்கு ஜெபங்களைத் தெரிந்தெடுத்திருக்கிறார் என்று பணிவோடு சொல்கிறேன். அதே பவுல் பிலேமோனுக்கு எழுதும்போது, உங்கள் விண்ணப்பங்களினாலே நான் விடுதலையாகி வருவேன் என்று நம்புகிறேன், தங்குவதற்கு ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணு என்கிறார். சிறையிலிருக்கிற மனிதர் விடுதலையை எதிர்பார்த்து அறைக்கும் ஏற்பாடு செய்யச் சொல்கிறார். இதைவிட உலகக் காரியமான ஜெபக் குறிப்பு வேறென்ன இருக்கிறது? மூன்றாம் யோவான் 2-ஆம் வசனத்தில் மூப்பர் காயுவுக்காக, ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கவேண்டும் என்று வேண்டுகிறார். அன்னாள் பிள்ளை வேண்டும் என்றுதான் அழுதாள். தேவன் அவளைப் பார்த்து, முதலில் ராஜ்யத்தைத் தேடு என்று கடிந்துகொள்ளவில்லை. அவளைக் குறை சொன்னவர் ஆசாரியனாகிய ஏலி. அவரும் பிறகு, நீ கேட்ட விண்ணப்பத்தை இஸ்ரவேலின் தேவன் அருளுவாராக என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

சபைப் பிதாக்களும் சீர்திருத்தவாதிகளும் இதில் நம்மைப்போலக் கூச்சப்படவில்லை. லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் (விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் நூல்), அன்றன்றுள்ள அப்பம் என்றால் என்ன என்ற கேள்விக்குச் சொல்லும் விடையில் உணவும் பானமும் மட்டுமல்ல, உடை, காலணி, வீடு, வயல், கால்நடை, பணம், நல்ல துணை, நல்ல அரசாங்கம், நல்ல வானிலை, சமாதானம், உண்மையுள்ள நண்பர்கள், நல்ல அயலார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 1563-இல் வெளிவந்த ஹைடெல்பெர்க் ஞானோபதேசத்தின் 118-ஆம் கேள்வி, தேவன் எவற்றைக் கேட்கும்படி கட்டளையிட்டார் என்று கேட்டு, ஆத்துமாவுக்கும் சரீரத்துக்கும் தேவையான யாவற்றையும் என்று விடை சொல்கிறது. அனுமதித்தார் என்றல்ல, கட்டளையிட்டார் என்று அந்தக் கேள்வி சொல்வதைக் கவனிக்கவேண்டும்.

ஆகவே மூட்டுவலிக்காரர் தாராளமாகக் கேட்கட்டும். யாபேஸ் தன் எல்லையைப் பெரிதாக்கும்படி கேட்டான். அவன் வேண்டிக்கொண்டதைத் தேவன் அருளினார் என்று முதலாம் நாளாகமம் 4:10 சாட்சி சொல்கிறது. விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் எங்கோ விசுவாசத்தில் குறைவு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உப்புத்தூண் எழுதியது:

யாபேஸின் எல்லை சகோதரரே, உங்கள் பதிவில் கடைசி வாக்கியம் தவிர மற்ற அனைத்துக்கும் ஆமென் சொல்கிறேன். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விழுங்க முடியவில்லை.

பவுல் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே பதில். அவருக்கு விசுவாசத்தில் குறைவா? கெத்செமனேயில் பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டவர் தேவனுடைய குமாரன், பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கு எதில் குறைவு?

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள். இரண்டாம் வசனத்தில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபு ஏரோதின் பட்டயத்தால் கொலைசெய்யப்படுகிறார். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து தூதனால் வெளியே கொண்டுவரப்படுகிறார். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? வேடிக்கை என்னவென்றால், பேதுரு வந்து வாசற்கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் அவருடைய குரலை அறிந்து, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிச் சொல்கிறாள். அவருக்காகவே அந்த இரவில் ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள், நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள். ஜெபத்துக்கான பதில் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவர்களுடைய விசுவாசத்தின் அளவைப் பார்த்துத்தான் தேவன் கொடுத்தார் என்று இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு எவராலும் வாதிட முடியாது.

கிடைத்துவிட்டால் அது ஆசீர்வாதம் என்பதும் நிச்சயமல்ல. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் இறைச்சி கேட்டார்கள், காடை வந்து குவிந்தது, அதோடு வாதையும் வந்தது. சங்கீதம் 106:15 அதைப்பற்றி, கேட்டதைக் கொடுத்தார், ஆத்துமாக்களிலோ இளைப்பை அனுப்பினார் என்கிறது. சாமுவேலின் நாட்களில் ராஜாவைக் கேட்டார்கள், ராஜா கிடைத்தார். அதனால் விளைந்ததையும் நாம் வாசித்திருக்கிறோம்.

மன்றாட்டுமாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். சொல்வழக்கு சற்று வேறுபடும், பொறுத்துக்கொள்ளவும்.

ஒலிவக்கிளை அவர்களின் கேள்வி மிகப் பழையது. 410-இல் உரோமை நகர் சூறையாடப்பட்ட பின் ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்த புரோபா என்ற செல்வந்தக் கைம்பெண், இறைவனிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தினாரிடம் கேட்டார். ஏறத்தாழ 412-இல் அகுஸ்தினார் எழுதிய பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. பேரின்ப வாழ்வைக் கேள் என்று அவர் சுருக்கமாகத் தொடங்குகிறார். பிறகு, அப்படியானால் உடல்நலத்தையும் நட்பையும் வாழ்வதற்குப் போதுமான பொருளையும் விரும்பக்கூடாதா என்று தாமே கேட்டுக்கொண்டு, விரும்பலாம், ஆனால் போதுமானதை மட்டும் என்கிறார். அதற்கு அவர் எடுத்துக்காட்டுவது நீதிமொழிகள் 30-இல் உள்ள ஆகூரின் வேண்டுதல்: வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், எனக்குத் தேவையான உணவை மட்டும் தாரும். செல்வம் வந்தால் ஆண்டவர் யார் என்று கேட்டுவிடுவேன், வறுமை வந்தால் திருடிவிடுவேன் என்று ஆகூர் தன்னைத் தானே அறிந்து பேசுகிறான். தன் பலவீனம் எது என்று தெரிந்து, அதற்கேற்ற அளவைக் கேட்கும் இந்த வேண்டுதல், யாபேசின் வேண்டுதலைப்போல ஏன் புகழ்பெறவில்லை என்று நான் சில வேளைகளில் யோசிப்பதுண்டு. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்.

நாம் எந்தச் சொற்களால் வேண்டினாலும், சரியாக வேண்டினால், ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தில் இல்லாத ஒன்றையும் நாம் கேட்பதில்லை என்பது அக்கடிதத்தின் மையக் கருத்து. பல நூற்றாண்டுகளுக்குப் பின் புனித தாமஸ் அக்குவினா, உலகப் பொருள்களை இறைவனிடம் கேட்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, எதை விரும்புவது தகுமோ அதைக் கேட்பதும் தகும் என்று அகுஸ்தினாரையே சான்றாக வைக்கிறார்; அவற்றை முதன்மை நோக்கமாக அல்ல, நற்பேற்றை நோக்கிய பயணத்துக்கு உதவும் துணைகளாகவே தேடவேண்டும் என்ற வரம்பையும் சேர்க்கிறார். என்னைக் கேட்டால், பெரேயா வாசகரும் யாபேஸின் எல்லையும் இந்த ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகளைப் பிடித்துக்கொண்டு வாதிடுகிறார்கள்.

அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மகன் உரோமைக்குக் கப்பலேறிவிடக்கூடாது என்று கார்த்தேஜ் துறைமுகத்தின் அருகே இருந்த புனித சிப்பிரியானின் ஆலயத்தில் இரவு முழுவதும் கண்ணீரோடு மன்றாடினார். அதே இரவில் மகன் அவரிடம் சொல்லாமலே கப்பலேறிப் போய்விட்டார். அந்த வேண்டுதல் முற்றிலும் மறுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பயணம்தான் அகுஸ்தினாரை மிலானுக்கும், ஆயர் அம்புரோசுக்கும், 386-இல் மனமாற்றத்துக்கும், 387-ஆம் ஆண்டுப் பாஸ்காவில் திருமுழுக்குக்கும் கொண்டுசென்றது. தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காக, அந்த இரவில் கேட்டதை இறைவன் கொடுக்கவில்லை என்று அகுஸ்தினாரே பின்னாளில் எழுதினார்.

ஒலிவக்கிளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆகூரின் ஜெபத்தை அடுத்த கூடுகையில் வாசிக்க எடுத்துவைத்திருக்கிறேன்.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. போதுமானதைக் கேள் என்பது ஆகாரத்துக்குப் பொருந்துகிறது. ஒரே வேலைக்கு எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இருவரும் தேவை உள்ளவர்கள், இருவரும் விசுவாசிகள். "அது எனக்கே கிடைக்கவேண்டும்" என்ற ஜெபம் தகுந்ததா, தகாததா? கேட்கிற பொருளை வைத்து இதை எப்படித் தீர்ப்பது?

பெரேயா வாசகர் எழுதியது:

பொருளை வைத்துத் தீர்க்க முடியாது என்பதே மாற்கு 10-ஆம் அதிகாரம் எனக்குக் கற்றுத்தந்தது. அங்கே இயேசு ஏறக்குறைய ஒரே கேள்வியை இரண்டு தரப்பாரிடம் கேட்கிறார். செபெதேயுவின் குமாரர் இருவரும் வந்து, நாங்கள் கேட்கப்போகிறதை நீர் செய்யவேண்டும் என்று, எதைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லுமுன்னே வாக்குறுதி வாங்கப் பார்க்கிறார்கள். 36-ஆம் வசனத்தில் அவர், நான் உங்களுக்கு என்னசெய்யவேண்டும் என்று கேட்கிறார். எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த குருடனாகிய பர்திமேயு எழுந்து வருகிறான். 51-ஆம் வசனத்தில் அவனிடமும் அதே கேள்வி. சகோதரர்கள் கேட்டது வலதுபாரிசமும் இடதுபாரிசமும். அவன் கேட்டது பார்வை.

வெளிப்பார்வைக்குச் சகோதரர்களின் விண்ணப்பம்தான் ஆவிக்குரியது, ஏனென்றால் அவர்கள் கேட்டது கிறிஸ்துவின் மகிமையில் பங்கு. பர்திமேயுவின் விண்ணப்பமோ முழுக்க முழுக்கச் சரீரத்துக்குரியது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பதில், "நீங்கள் கேட்டுக்கொள்ளுகிறது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை" என்பது. அவனுக்கோ கண் திறக்கப்பட்டது. பார்வையடைந்தவன் வீட்டுக்குப் போகவில்லை, வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான். அந்த வழி எருசலேமுக்குப் போகிறது. சகோதரர்கள் கேட்ட இடங்கள் யாருக்குக் கிடைத்தன என்று 15-ஆம் அதிகாரத்தில் பார்த்தால், வலதுபுறத்தில் ஒரு கள்ளன், இடதுபுறத்தில் ஒரு கள்ளன். மற்ற பத்துப் பேரை முந்திக்கொண்டு அந்த இருவரும் கேட்டது என்ன என்பது அப்போதுதான் வாசகனுக்கே உறைக்கிறது.

ஆகவே ஒரே வேலையைக் கேட்கிற இரண்டு பேருக்கும் நான் சொல்வது: கேளுங்கள், பெயர் சொல்லியே கேளுங்கள், ஆனால் மற்றவருடைய பெயரையும் அதே ஜெபத்தில் சொல்லுங்கள். எங்கள் பிதாவே என்று தொடங்குகிற ஜெபத்தில் எனக்கு என்ற சொல் எங்கும் வருவதில்லை. ஆகாரத்தையும் மன்னிப்பையும் எங்களுக்கு என்றே கேட்கிறோம். அடுத்தவருக்கும் ஆகாரம் வேண்டும் என்று சேர்த்துக் கேட்க ஒருவருக்கு வாய் வரவில்லையென்றால், யாக்கோபு சொன்ன தகாதவிதம் அங்கேதான் இருக்கிறது.

என் முதல் பதிவில் சொன்ன வரிசையை நான் விட்டுவிடவில்லை. ரோமர் 15-இல் பவுல் தமக்காகப் போராடி ஜெபிக்கும்படி கேட்ட குறிப்புகளில், யூதேயாவில் அவிசுவாசிகளின் கைக்குத் தப்பவேண்டும் என்பதும் ஒன்று, சந்தோஷத்தோடே ரோமாபுரிக்கு வரவேண்டும் என்பதும் ஒன்று. தேவாலயத்தில் பிடிக்கப்பட்டார், செசரியாவில் இரண்டு வருடம் காவலில் இருந்தார், கப்பல் உடைந்தது, ரோமாபுரிக்கு வந்துசேர்ந்தபோது காவல் சேவகன் கூடவே இருந்தான். தப்பவேண்டும் என்று கேட்டதற்கு ஏற்றபடி கொலைகாரரின் கைக்கும் தப்பினார். தப்புவித்தவர்கள் அவரைச் சிறைப்படுத்திய ரோமச் சேவகர்களே. நம் குறிப்புத் தாளில் இதற்கு நேரே "பதில் கிடைத்தது" என்று எழுதுவோமா, "கிடைக்கவில்லை" என்று எழுதுவோமா?

கிணற்றடி எழுதியது:

பல நாளாக வாசிக்க மட்டுமே செய்கிறவள் நான். இந்த இழை எழுத வைத்துவிட்டது. என் தாயார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். புரட்டிப் படுக்கவைப்பதும், சுத்தம் செய்வதும், நள்ளிரவில் எழுந்து மருந்து கொடுப்பதும் என் பொறுப்பு. பார்க்க வருகிற விசுவாசிகளில் பாதிப் பேர் பூரண சுகம் என்று அறிக்கைசெய்யச் சொல்கிறார்கள். மீதிப் பேர் உமது சித்தம் ஆகட்டும் என்று சொல்லி ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே என் வாயிலிருந்து வருவதில்லை. முதலாவதைச் சொன்னால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. இரண்டாவதைச் சொன்னால் அம்மா சீக்கிரம் போய்விடட்டும் என்று கேட்பதுபோல் இருக்கிறது. இந்த நிலையில் இருக்கிறவள் எதைக் கேட்பது என்று யாராவது சொல்லுங்கள். வசனங்கள் எனக்குத் தெரியும். தயவுசெய்து வசனங்களை மட்டும் அடுக்கவேண்டாம்.

உப்புத்தூண் எழுதியது:

சகோதரி, உமது சித்தம் ஆகட்டும் என்பதைக் கர்த்தர் எடுத்த எடுப்பில் சொல்லவில்லை. கெத்செமனேயில், இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று முதலில் கேட்டார். மறுபடியும் போய்க் கேட்டார். மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். உங்களைப் பார்க்க வருகிறவர்கள் அந்த ஜெபத்தின் முன்பாதியை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பின்பாதியை மட்டும் கையில் கொடுக்கிறார்கள். வசனம் வேண்டாம் என்றீர்கள், இதற்கு மேல் நான் எழுதவில்லை.

யாபேஸின் எல்லை எழுதியது:

சகோதரி, சிறியவைகளைக் கேளுங்கள். இன்று இரவு அம்மாவுக்கு வலி குறையவேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்கு இடையில் விழிக்காத தூக்கம் கொஞ்சமாவது வேண்டும் என்று கேளுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க, வந்தது ஆற, மருத்துவர் சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுக்கக் கேளுங்கள். எரிச்சலில் ஒரு சொல் தவறி வந்துவிடாதபடி நாவுக்குக் காவல் கேளுங்கள். ஒரு மணி நேரம் உங்களை விடுவித்து அம்மாவின் அருகில் உட்கார ஓர் ஆளைக் கேளுங்கள்; அந்த ஆளை உங்கள் சபையில் வாய்திறந்தும் கேளுங்கள், ஏனென்றால் உங்களைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவரே அந்த ஜெபத்துக்குப் பதிலாக இருக்கக்கூடும்.

எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். அவர் கேட்டது கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டது தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. மோசேயும் யோனாவும்கூட மரணத்தைக் கேட்டார்கள்; அவர்களுக்கும் அது கொடுக்கப்படவில்லை. அப்படிக் கேட்டதற்காக அவர்களில் ஒருவரையும் தேவன் ஊழியத்திலிருந்து தள்ளவும் இல்லை. அம்மாவைப்பற்றி உங்கள் மனதில் வந்துபோகிற நினைவுகளை அவரிடம் அப்படியே சொல்லலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உப்புத்தூண் சகோதரருக்கு ஒரு வார்த்தை. விசுவாசத்தோடே கேட்கக்கடவன் என்பது யாக்கோபு 1:6-இல் இருக்கிறவரைக்கும் நான் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் அதை இந்தச் சகோதரியின் வாசலில் போய்ச் சொல்லமாட்டேன்.

கிணற்றடி எழுதியது:

தூக்கத்தையும் கேட்கலாம் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. அருகில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் கேட்கப்போகிறேன். நன்றி, அண்ணன்.

மன்றாட்டுமாலை எழுதியது:

சகோதரிக்காக நானும் வேண்டுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: எப்படி வேண்டுவது என்று தெரியாத நிலையைத் திருத்தூதர் பவுல் உரோமையர் 8-ஆம் அதிகாரத்தில் பொதுநிலையாகவே பேசுகிறார், அங்கே நமக்காகச் சொல்வடிவம் பெறாத பெருமூச்சுகளோடு மன்றாடுபவர் தூய ஆவியார். சொற்கள் வராத நாள்களில் உங்கள் வீட்டில் செபம் நின்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒலிவக்கிளை எழுதியது:

குழுவின் மூத்த சகோதரரிடம் இந்த இழையை வாசிக்கக் கொடுத்தேன். அவர் நீண்ட நேரம் வாசித்துவிட்டு, மூட்டுவலிக்காரரின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தாளை எப்படி எழுதுவது என்பதில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். எவருடைய தேவையையும் தள்ளுவதில்லை. ஆனால் ஜெபிக்கத் தொடங்கும்போது கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தின் முதல் மூன்று விண்ணப்பங்களை ஒருவர் தம் சொந்த வார்த்தைகளில் விரித்து ஜெபித்த பிறகுதான் தாளை எடுக்கிறோம். வேலைக்காகக் கேட்ட அந்த இருவரையும், ஒருவருக்காக மற்றவர் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டோம். ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

விடுபட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பெரேயா வாசகர் எழுதியது:

விடுபட்டது ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலான குழுக்களில் விடுபடுகிறது. "உங்களை நிந்திக்கிறவர்களுக்காகவும் உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காகவும் ஜெபம்பண்ணுங்கள்" என்பது கர்த்தர் நேரடியாகக் கொடுத்த ஜெபக் குறிப்பு. இத்தனை வருட ஜெபக் கூட்டங்களில், தனக்குத் தீங்கு செய்தவருடைய நன்மைக்காக ஜெபிக்கும்படி ஒருவர் குறிப்புக் கொடுத்து நான் கேட்டதே இல்லை. தீங்கு செய்தவரிடமிருந்து தப்புவிக்கும்படி கேட்பவர்கள் உண்டு. அவர் திருந்தும்படி கேட்பவர்களும் உண்டு, அதிலும் பல வேளைகளில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். அவர் நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்பவர் இல்லை.

ஒலிவக்கிளை எழுதியது:

அது உண்மைதான். ஆனால் நடைமுறையில் ஒரு தயக்கம் இருக்கிறது. எங்களுடையது சிறிய குழு. எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். இன்னார் எனக்குத் தீங்கு செய்தார், அவருக்காக ஜெபியுங்கள் என்று ஒருவர் சொன்னால், அந்த மாதம் முழுவதும் அதுவே பேச்சாகிவிடும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் புறங்கூறுதல் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உப்புத்தூண் எழுதியது:

பெயரும் வேண்டாம், நடந்ததும் வேண்டாம். "ஒருவரோடு எனக்கு மனக்கசப்பு இருக்கிறது, அவருக்கு நன்மை கேட்க எனக்கு உதவி வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் குழுவுக்குப் போதும். பெயரைத் தேவனிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். தாளில் அந்த வரியை முதலில் மூத்த சகோதரரே தமக்காக எழுதட்டும். அவர் எழுதாமல் மற்றவர்கள் எழுதமாட்டார்கள்.